விரல் நுனிச் சூடு

ஒற்றைத் தலைவலியால் தவிப்பவரின் விரலில் ஒரு சிறிய வெப்ப உணரியை ஒட்டுகிறார்கள். எதிரே இருக்கும் முள், விரலின் சூட்டை உடனுக்குடன் காட்டுகிறது. அந்த முள்ளை மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், டொபீகா நகரின் மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீனும் சக ஆய்வாளர்களும் 1970களின் தொடக்கத்தில் இப்படித்தான் பழக்கினார்கள்.

வலிந்து முயன்றால் முள் இறங்கிவிடும். பதற்றத்தில் கைகளின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சுருங்கி, விரல் சில்லிட்டுப் போகும். மனம் அமைதியடைந்தால் குழாய்கள் விரியும். வெதுவெதுப்பான இரத்தம் விரல் நுனிவரை பாயும். எந்த நினைப்பு, எந்த மூச்சு முள்ளை ஏற்றியது என்பதை உடல் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்கிறது. நன்றாகப் பழகியபின் பலருக்குக் கருவியே வேண்டியதில்லை. இதுதான் பயோஃபீட்பேக்.

நாள்பட்ட மலச்சிக்கலில் இடுப்புத்தளத் தசைகளைப் பழக்கவும் இன்று இம்முறை பயன்படுகிறது. வெளியே சொல்லக் கூசித் துன்பப்படுவோருக்கு இது பெரிய ஆறுதல்.

மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பயிற்சி உங்களுக்குப் பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள்.