கேள்விகளை எண்ணிப் பார்த்தவர்



பின்னேரத்தில் பிள்ளைகளோடு இருந்து 'ஜெப்பர்டி' பார்க்கும்போது, "இதெல்லாம் எனக்கு எங்கே தெரியப்போகுது" என்று எழும்பிப் போகும் பெற்றோர் எங்களில் பலர். அவர்களுக்காகவே இந்த மாத உரை.

அமெரிக்காவில் 1964 இல் தொடங்கிய இந்த வினாவிடை நிகழ்ச்சியின் இன்றைய வடிவம் 1984 முதல் ஒளிபரப்பாகிறது. ஒரு போட்டியில் அதிகபட்சம் 61 கேள்விகள். இரசிகர்கள் அவற்றை ஆண்டாண்டாக எழுதிச் சேர்த்ததில் இலட்சக்கணக்கான கேள்விகள் திரண்டன.

ரோஜர் கிரெய்க் என்ற கணினி ஆய்வாளர் அந்தத் தொகுப்பைக் கையில் எடுத்தார். ஒரேவகைச் சொற்கள் வரும் கேள்விகளைக் கணினியால் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். எந்த விடயம் அடிக்கடி வருகிறது, எதில் தான் பிழை விடுகிறார் என்று கணக்கெடுத்தார். இரண்டும் சேரும் இடத்தை முதலில் படித்தார். நாங்கள் உயர்தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டிய அதே முறைதான். புரட்டியது கணினி, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. கையிலுள்ள பணம் முழுவதையும் பந்தயம் கட்டக்கூடிய 'டெய்லி டபுள்' கேள்விகள் மூன்று, பலகையில் மறைந்திருக்கும். பலகையில் ஐந்து வரிசைகள். பழைய போட்டிகளை எண்ணினால், அவை முதல் வரிசையில் மிக அரிது. நான்காம் வரிசையில் கூடுதலாக வரும்.

2010 இல் கிரெய்க் ஒரே நாளில் 77,000 டொலர் வென்று அந்நாளைய சாதனையை முறியடித்தார். 2011 இல் வெற்றியாளர் சுற்றில் 250,000 டொலர் பெற்றார். ஆனாலும் 2010 இல் ஆறு போட்டிகளை வென்றவர் ஏழாவதில் தோற்றார். கணக்கு வழியைக் காட்டும், விடையைச் சொல்லாது.

நாம் கவனிக்கவேண்டியது வேறு. அமெரிக்க ஜனாதிபதிகள், நாடுகளின் தலைநகரங்கள், சேக்ஸ்பியர், பைபிள் என்று அங்கே திரும்பத் திரும்ப வருபவை, கேள்வி எழுதுபவர்கள் வளர்ந்த உலகின் விடயங்கள். அந்த உலகில் நாம் பள்ளிக்கூடம் போகவில்லை. விடை தெரியாதது அறிவுக் குறைவல்ல, வேறு பாடத்திட்டம். பாடத்திட்டம் என்றால் படிக்கலாம்.

ஆகவே எழும்பிப் போகாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, ஒரு மாதம் கேள்விகளை வகைபிரித்து எண்ணுங்கள். எண்ணுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். குடியுரிமைப் பரீட்சையானாலும் சாரதிப் பரீட்சையானாலும் இதே வழி உதவும்.