மொட்டைமாடி வெயிலும் உலர்த்தும் பெட்டியும்

மாங்காய்க் காலத்து வானம்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் ஓசூரின் குளுமையை வெளியூர்க்காரர்கள் எவ்வளவு சிலாகித்தாலும், வற்றல் போடுகிறவர்களுக்கு அது சங்கடமாகவே முடிகிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும் மே முதல் ஜூலை வரையுள்ள மாதங்களில்தான், காலையில் சுள்ளென்று அடித்த வெயில் பிற்பகலில் கருமேகத்துக்குள் ஒளிந்துகொண்டு, மாடியில் பரப்பிய துண்டங்களை நனைத்துவிடுகிறது. நனைந்ததை மறுநாள் காயவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவது விபரீதம். அரைகுறையாக உலர்ந்த பதார்த்தம் ஈரத்தோடு ஓர் இரவு கிடந்தாலே பூஞ்சணம் பற்ற வழியுண்டு. மிளகாயிலும் வேர்க்கடலையிலும் பற்றும் சிலவகைப் பூஞ்சணங்கள் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்குகின்றன. அந்த விஷம் வறுத்தாலும் பொரித்தாலும் முழுவதும் அழிவதில்லை. நெடுஞ்சாலைப் புழுதியும் சிப்காட் சாலை லாரிப் புகையும் மாடியில் படிவதையும் சேர்த்து யோசித்தால், டிஹைட்ரேட்டர் என்று கடைகளில் விற்கும் உலர்த்தும் பெட்டியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வாங்கும் முன்

விலை ஏற ஏறப் பெட்டி சிறந்ததாக இருக்கும் என்பது என் அபிப்பிராயமன்று. உஷ்ணத்தை ஏறத்தாழ 35 டிகிரியிலிருந்து 70 டிகிரி வரை வேண்டிய அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், காற்றைச் சீராகச் செலுத்தும் விசிறியும் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிரயோஜனப்படாது. விசிறி அடியில் இருந்தால் கீழ்த்தட்டு முந்தியும் மேல்தட்டு பிந்தியும் உலரும், ஆகையால் தட்டுகளை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். பின்புறம் இருந்தால் அந்தச் சிரமம் குறைவு. 400 வாட் பெட்டி பத்து மணி நேரம் ஓடினால் மிஞ்சிப்போனால் 4 யூனிட். அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் இரவு ஷிப்டுக்குப் புறப்படும்போது ஆளில்லாத வீட்டில் ஓடவிட்டுப் போகும் பழக்கத்துக்கு அஞ்சத்தான் வேண்டும்.

உலர்த்தும் பக்குவம்

விலை வீழ்ந்து ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி சீந்துவாரற்றுக் கிடக்கும் நாட்களே இப்பெட்டிக்கு உற்ற காலம். கால் அங்குலத்துக்கும் குறைந்த கனத்தில் ஒரே சீராக அரிந்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, 57 டிகிரி அளவில் வைக்க வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று உஷ்ணத்தைக் கூட்டுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு, டப்பாவுக்குள் போன பிறகு பூஞ்சணம் பூக்கிறது. கொத்தமல்லி, புதினாவுக்கு 40 டிகிரிக்கு மேல் அவசியமில்லை, மீறினால் வாசனை போய்விடும். காய்கறிகளை முன்னதாகச் சற்று ஆவியில் காட்டினால் நிறமும் சுவையும் நிலைக்கும். உலர்ந்ததா என்பதைச் சூட்டோடு பார்க்கக் கூடாது. ஒரு துண்டை நன்றாக ஆறவிட்டுக் குறுக்கே வெட்டி, வெட்டுவாயை விரலால் நசுக்கும்போது ஈரம் கசியக் கூடாது. மாங்காய் தோல்போல் வளைய வேண்டும், கீரை கையில் பொடிய வேண்டும்.

உப்புக்கண்டம் போட விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. ஈரம் ஆவியாகும் வரை இறைச்சியின் உட்புறம் பெட்டியின் உஷ்ணத்தை எட்டுவதே இல்லை. எனவே முன்னதாகவே உட்புறம் 71 டிகிரி சூடேறும்படி வேகவைத்த பிறகே தட்டில் ஏற்ற வேண்டும். கோழிக்கு 74.

யார் எவ்வளவு உண்ணலாம்

உலர்ந்த பழம் அமிர்தம் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நாரும் தாதுப்பொருள்களும் பெரும்பாலும் தங்கினாலும் ‘சி’ வைட்டமின் கணிசமாகக் குறைகிறது; சர்க்கரையோ குறைவதில்லை, சிறு இடத்தில் திரண்டுவிடுகிறது. ஒரு மாம்பழத்தை முழுதாக உண்டால் நிறையும் வயிறு, அதே பழம் வற்றிய துண்டங்களாக வந்தால் இரண்டு பழத்தை உள்ளே அனுப்பிவிட்டும் இன்னும் கேட்கும். நீரிழிவுக்காரர்களுக்கு இது பெரிய கண்ணி. ஒரு கிலோ தக்காளி 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குவதால் அதிலுள்ள பொட்டாசியமும் அவ்விதமே செறிகிறது, ஆகையால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. இரத்த அழுத்தமுள்ளவர்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு: மோர் மிளகாய்க்கும் மாவற்றலுக்கும் மாடியில் அள்ளிப் போட்ட உப்பைப் பெட்டியில் உலர்த்தும்போது வெகுவாகக் குறைத்துக்கொள்ளலாம்.

டப்பாவில் அடைத்த பின்

உலர்ந்த பழத்துண்டங்களை முக்கால் பங்கு அளவுக்குக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, ஒரு வாரம் தினமும் ஒருமுறை குலுக்கிப் பார்ப்பது உத்தமம். கண்ணாடியின் உட்புறத்தில் நீர் முத்துகள் தெரிந்தால் தாமதியாமல் மறுபடி உலர்த்த வேண்டும், பூஞ்சணம் தெரிந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். குழம்புக்காக ஊறவைத்த தக்காளி மீண்டும் பச்சைக் காய்கறிக்குச் சமானம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டுமானால் அதன் இடம் ஃபிரிட்ஜ்.