துருவை நீக்கும் துகள்கள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

புனே நகரை அடுத்த பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆகிய பகுதிகள் மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அச்சிலிருந்து வெளிவரும் வார்ப்படத்தில் எரிந்த மணல் ஒட்டியிருக்கும். பழைய இரும்புத் தொட்டியிலோ துருவும் பெயிண்டும் படிந்திருக்கும். இவற்றை அகற்றாமல் மேலே பெயிண்ட் பூசினால், பூச்சு விரைவில் உரிந்துவிடும். ஆகவே கடினமான துகள்களை அழுத்தக் காற்றினாலோ சுழல் சக்கரத்தினாலோ வேகமாக எறிந்து பரப்பைத் தூய்மை செய்கின்றனர். 1870-ஆம் ஆண்டில் அமெரிக்கரான டில்க்மன் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அன்று எறியப்பட்டது மணல். ஆதலின் தொழிலாளர் நாவில் இன்றும் இதன் பெயர் ‘சாண்ட் பிளாஸ்டிங்’ என்பதே.

மணலின் தீங்கு

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது தனிநிலைச் சிலிகா. இரும்பின்மீது மோதியதும் அது நொறுங்கி, கண்ணுக்குப் புலப்படாத தூளாகிறது. இத்தூள் நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கி, அங்கே வடுக்களை உண்டாக்குகிறது. இதுவே சிலிகோசிஸ் என்னும் நோய். வடுவுற்ற நுரையீரலை மீண்டும் சீராக்கும் மருந்து இல்லை. காசநோய் பற்றும் வாய்ப்பும் மிகுதியாகிறது. மூக்கில் கட்டும் துணி இத்தூளைத் தடுக்காது.

பிரிட்டனில் வார்ப்படங்களைத் தூய்மை செய்ய மணலைப் பயன்படுத்துவது 1949-ஆம் ஆண்டு விதிகளால் தடுக்கப்பட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

மாற்றுப் பொருள்கள்

கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸின் எண் 7. கார்னெட்டின் எண்ணும் ஏறத்தாழ அதுவே. கார்னெட்டிலும் சிலிகா உண்டு; எனினும் அது உலோகங்களோடு கூடிச் சிலிகேட்டாக அமைந்துள்ளது. ஆதலின் நன்கு பிரித்தெடுத்த கார்னெட்டில் தனிநிலைச் சிலிகா மிகக் குறைவு. வேலைத்திறன் குறையாமலே நோயின் அபாயத்தைக் குறைக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இக்கனிமம் கிடைக்கிறது.

மூடிய அறையும் துகளைத் திரும்பச் சேர்க்கும் வசதியும் உள்ள ஆலைகளுக்கு எஃகுத் துகளே சிக்கனமானது. அதனைப் பன்முறை பயன்படுத்தலாம். உருண்டையான ‘ஷாட்’ வார்ப்படத்தைத் தூய்மை செய்ய ஏற்றது. கூரிய முனைகளுள்ள ‘கிரிட்’ பரப்பைச் சொரசொரப்பாக்கி, பெயிண்ட் பற்றுவதற்கு இடம் தரும். ஈரம் பட்டால் எஃகுத் துகளும் துருப்பிடிக்கும். திறந்தவெளி வேலைக்குக் கார்னெட்டோ தாமிரக் கசடோ தகும்.

அலுமினியம், எவர்சில்வர் ஆகியவற்றின்மீது எஃகுத் துகளை எறியலாகாது. அதன் நுண்துணுக்குகள் பதிந்து பின்னர்த் துருக்கறை தோன்றும். அங்கே அலுமினிய ஆக்சைடும் கண்ணாடி மணியும் ஏற்றவை. வாகன உடலின் மெல்லிய தகடு கடுந்துகளால் நெளிந்துவிடுமாதலால், பிளாஸ்டிக் துகள், பொடித்த வால்நட் ஓடு, சமையல் சோடா ஆகியவற்றில் ஒன்றைக் குறைந்த அழுத்தத்தில் பயன்படுத்துவர். சோடாவின் எச்சத்தைப் பின்னர்க் கழுவுதல் அவசியம்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

புதிய துகளில் ஒரு பிடியைக் கண்ணாடிப் புட்டியிலுள்ள தூய நீரில் இட்டுக் குலுக்கிப் பார்க்கவும். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அத்துகள் ஆகாது. நீர் நெடுநேரம் கலங்கியே நின்றால் நுண்தூள் மிகுதி என்று அறியலாம். இச்சோதனையைப் பள்ளியிலும் செய்து காட்டலாம்.

துகள் எதுவாயினும், எறிபவருக்கு வெளியிலிருந்து தூய காற்று செலுத்தப்படும் தலைக்கவசம் தேவை. பழைய இரும்புப் பாலங்களில் ஈயச் செந்தூரப் பூச்சு இருக்கக்கூடும். அதன் தூள் நஞ்சு. உதிர்ந்த துகளைப் பெருக்கி மண்ணில் கொட்டுதல் கூடாது.

தூய்மை செய்த இரும்பில் சில மணி நேரத்திலேயே துரு மீண்டும் அரும்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெறும் புனேயில் இது இன்னும் விரைவாக நிகழும். ஆதலின் அன்றே முதற்பூச்சு பூசுதல் வேண்டும்.

மணலின் விலை குறைவுதான். ஆனால் அதற்கான மீதி விலையைத் தொழிலாளியின் நுரையீரல் செலுத்துகிறது. துகளைத் தேர்பவர் முதலில் அதில் தனிநிலைச் சிலிகா உண்டா என்று வினவுக. கடினமும் விலையும் அதன் பின்னரே.