கணக்கில் வராத சுவர்

வீட்டுக்கு வரைபடம் உண்டு, பொறியாளர் உண்டு. அதைச் சுற்றி நிற்கும் கான்கிரீட் பிளாக் மதிலுக்கு மேஸ்திரியின் கண்மட்டம் மட்டுமே. மழைக்காலத்தில் அந்தச் சிக்கனத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மதிலுக்கு மறுபக்கம் இருப்பவர்கள்.

பெங்களூரின் புறநகரில் எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சி தப்பாது. வீடு முடிந்துவிட்டது. ஜன்னல்களில் வர்ணம் காய்ந்துகொண்டிருக்கிறது, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, வங்கிக் கடனின் கடைசித் தவணையும் கரைந்துவிட்டது. அப்போதுதான் காம்பவுண்ட் சுவர் நினைவுக்கு வருகிறது. ஒன்றரை அடிப் பள்ளம், அதில் கொஞ்சம் கல், அதன்மேல் ஆறு அங்குல சாலிட் பிளாக்கில் எட்டு அல்லது ஒன்பது வரி. நான்கு நாளில் வேலை முடிந்து ஐந்தாம் நாள் கேட் மாட்டியாகிவிடும். வீட்டுத் தூண்களுக்கு எத்தனை கம்பி என்று பொறியாளரோடு வாதாடிய உரிமையாளர் இந்தச் சுவரைப் பற்றிக் கேட்கும் ஒரே கேள்வி, ரோட்டிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியுமா என்பதுதான்.

சுவரை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. பத்தடி நீளம், ஆறடி உயரம், ஆறு அங்குலக் கனம். இவ்வளவுக்குச் சுமார் 68 பிளாக்குகள் பிடிக்கும். பூச்சு இல்லாமலே எடை ஒன்றரை டன். அறுபதுக்கு நாற்பது மனையைச் சுற்றி வந்தால் 30 டன். வீட்டின் சுவர்களுக்குக் குறுக்குச் சுவர் துணை உண்டு, மேலே தளத்தின் பாரம் உண்டு. மதிலுக்கு எதுவும் கிடையாது. அது தனியாக நிற்கிறது. விழுவதென்றால் முழுசாக விழுகிறது.

2019 இதை மூன்று முறை நினைவூட்டிய ஆண்டு. ஜூன் 29 அதிகாலை புனேயின் கோந்துவாவில் ஒரு குடியிருப்பின் மதில் சரிந்து 15 பேர் இறந்தார்கள். பக்கத்து மனையில் கட்டுமான வேலைக்காக வந்து, சுவரையொட்டிய தகரக் கொட்டகைகளில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள், பெரும்பாலோர் பிகார்க்காரர்கள். மூன்றே நாளில், ஜூலை 2 பிறந்த சிறிது நேரத்தில், மும்பை மலாடில் மாநகராட்சி நீர்த்தேக்கத்தின் சுற்றுச்சுவர் குடிசைகள்மீது விழுந்தது. 30 பேருக்கு மேல் பலி. டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், ஒரு தனியார் வீட்டின் உயரமான கருங்கல் மதில் தலித் குடியிருப்பின் வீடுகள்மீது சாய்ந்து 17 பேரைக் கொன்றது. மூன்றுமே அடைமழைக் காலத்து, விடியாத பொழுதின் சாவுகள். எந்த மதிலும் அதைக் கட்டியவரின் வீட்டுப் பக்கம் விழவில்லை.

நடூரில் விழுந்தது கல், பிளாக் அல்ல. ஆனால் இன்று நாடு முழுவதும் மனைகளைச் சுற்றி எழும் மதில்களில் செங்கல்லின் இடத்தை வேகமாகப் பிடித்திருப்பது கான்கிரீட் பிளாக்தான். செங்கல் சூளைக்கு நல்ல மண் கிடைப்பது குறைந்துவிட்டது. ஒரு பிளாக் ஏழெட்டுச் செங்கல்லின் இடத்தை அடைத்துவிடுகிறது. கூலியும் கலவையும் மிச்சம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காகச் செய்த பிளாக் செங்கல்லுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. சிக்கல் அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லில் இருக்கிறது.

நெடுஞ்சாலையோரத்துப் பட்டறைகளில் பிளாக் அடிக்கும் எந்திரத்துக்குத் தொழிலில் ‘முட்டை போடும் மெஷின்’ என்று பெயர். சிமெண்ட் தரையில் நகர்ந்துகொண்டே நாலைந்து பிளாக்குகளை அதிர்வு கொடுத்து அழுத்தி இறக்கி வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். அதன்பின் அந்த முட்டைகளை அடைகாக்க வேண்டியது தண்ணீர். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 2185ஆம் எண் தரநிர்ணயம் பிளாக்கைக் குறைந்தது 14 நாள் ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது. பிறகு நான்கு வாரம் உலரவிட்டுத்தான் வேலைக்கு அனுப்ப வேண்டும். ஆக, வார்த்த பிளாக் சுவரில் ஏறுவதற்கு ஆறு வாரம். பட்டறைக்காரரின் முதலீடு ஆறு வாரம் முற்றத்தில் சும்மா கிடக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கும் ஊரில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. நாலைந்து நாள் ஹோஸ் பைப்பில் தெளித்துவிட்டு, வாரக் கடைசியில் டிராக்டரில் ஏற்றிவிடுகிறார்கள்.

வாங்குபவருக்குச் சில எளிய சோதனைகள் உண்டு. இரண்டு பிளாக்குகளை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று அல்ல. ஆணியால் கீறினால் விளிம்பு உதிரக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிளாக்கை எடை போட்டு, 24 மணி நேரம் தொட்டியில் ஊறப்போட்டு மறுபடி எடை போடலாம். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் அது தரத்துக்குள் வராது. 22 கிலோ பிளாக் இரண்டு கிலோ தண்ணீர் குடித்தால் மன்னிக்கலாம். மூன்று கிலோ குடித்தால் லோடைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நல்ல பிளாக் வந்து சேர்ந்தபின் அதைக் கெடுக்கும் வேலை மனையிலேயே நடக்கிறது. செங்கல்லில் கை பழகிய கொத்தனார் முதலில் செய்வது பிளாக்கின்மேல் தண்ணீர் அடிப்பது. செங்கல்லுக்கு அது விதி. ஊறாத செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிளாக்குக்கு நேர் எதிர். கான்கிரீட் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நனைத்துக் கட்டிய பிளாக் சுவரில் நின்றபடியே காய்ந்து சுருங்குகிறது. தரமான பிளாக்கே 0.06 சதவீதம் வரை சுருங்கலாம் என்று தரநிர்ணயம் இடம் கொடுக்கிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். 60 அடி மதிலில் அது 11 மில்லிமீட்டர். அந்த 11 மில்லிமீட்டரும் எங்காவது கிழிந்துதானே ஆக வேண்டும்? கட்டி ஆறாவது மாதம், படிக்கட்டு போல இணைப்புகள் வழியே ஏறிப்போகும் விரிசலுக்குப் பாதிக் காரணம் இதுதான். பிளாக் வேலைக்கான 2572ஆம் எண் நடைமுறைத் தொகுப்பு, பிளாக்கை நனைக்கத் தேவையில்லை என்கிறது. வெயில் கடுமையாக இருந்தால் மேற்பரப்பையும் பக்கங்களையும் லேசாக ஈரப்படுத்தினால் போதும்.

கலவையிலும் இதே தலைகீழ்ப் பாடம். சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்று நம்பும் உரிமையாளர் கூடுதலாக மூட்டை வாங்கித் தருகிறார். பிளாக்கைவிடக் கலவை பலமாக இருந்தால், சுருங்கும்போது விரிசல் இணைப்பில் விழாமல் பிளாக்கையே பிளந்துகொண்டு போகும். ஒன்றுக்கு ஆறு கலவையே மதிலுக்குப் பொதுவாகப் போதும். மீதிச் சிமெண்ட்டை அஸ்திவாரத்தில் போடலாம். நீண்ட மதிலை 20 அடிக்கு ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வெட்டி ஓர் இடைவெளி விட வேண்டும். இரு பக்கமும் தூண் கொடுக்க வேண்டும். சுவரில் வேண்டுமென்றே கோடு விடுவதை உரிமையாளர்கள் விரும்புவதில்லை. விடாவிட்டால் சுவர் தானே கோடு போட்டுக்கொள்ளும்.

ஆனால் விரிசல் அசிங்கமே தவிர, ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேறொன்று. செங்கல், பிளாக் கட்டடங்களுக்கான 1905ஆம் எண் தொகுப்பில், தனித்து நிற்கும் சுவர் எவ்வளவு உயரம் போகலாம் என்று நாலே வரியில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 285 நியூட்டனுக்குள் என்றால் உயரம் சுவர்க்கனத்தைப்போல் பத்து மடங்கு இருக்கலாம். 575 என்றால் ஏழு மடங்கு, 860 என்றால் ஐந்து, 1,150 என்றால் நான்கு. நடுவிலுள்ள ஏழு மடங்கை எடுத்துக்கொண்டால் ஆறு அங்குலச் சுவர் தன் காலில் நிற்கக்கூடிய உயரம் மூன்றரை அடி. எட்டு அங்குலத்துக்கு நாலரை அடி. சிக்கனத்தின் உச்சமான நாலு அங்குலப் பிளாக்குக்கு இரண்டடி சொச்சம். இந்தியாவின் காற்று வரைபடத்தில் பெங்களூர் அடக்கமான ஊர், வினாடிக்கு 33 மீட்டர். மும்பை 44, சென்னை 50. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கடலோரம் போகப்போக அட்டவணையின் கீழ்வரிகள்தான் பொருந்தும். தெருத்தெருவாக நிற்கும் ஐந்தடி, ஆறடி மதில்கள் எந்தக் கணக்கில் நிற்கின்றன என்றால், கணக்கில்லாமல்தான்.

இதன் அர்த்தம் ஆறடி மதிலே கூடாது என்பதல்ல. தூண் வேண்டும் என்பது. எட்டு முதல் பத்தடிக்கு ஒன்று, கம்பி கட்டிய கான்கிரீட் தூணாக, தனக்கென்று ஒரு பாதத்தோடு. ஹாலோ பிளாக்கில் இது இன்னும் சுலபம். அஸ்திவாரத்திலிருந்தே கம்பியை எழுப்பி, அது வரும் இடத்துத் துளைகளை மட்டும் பொடி ஜல்லிக் கான்கிரீட்டால் நிரப்பிக்கொண்டே போனால் சுவருக்குள்ளேயே தூண் உருவாகிவிடும். கம்பி அடியிலிருந்து வர வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. தரைமட்டத்துக்கு மேல் செருகிய கம்பி பார்வைக்குக் கம்பி, அவ்வளவே. உச்சியில் இருபுறமும் நீட்டிய கான்கிரீட் மூடி இல்லாவிட்டால் ஹாலோ பிளாக்கின் துளைகள் மழைநீர்க் குழாய்களாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உயரத்துக்குச் சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தேசியக் கட்டட நெறித்தொகுப்பின்படி, எதிர்த் தெருவின் நடுமட்டத்திலிருந்து 1.5 மீட்டர், மேல்பகுதி 0.9 மீட்டர் கம்பி போன்ற திறந்த அமைப்பானால் 2.4 மீட்டர் வரை. திருடனுக்குப் பயந்து எழுப்பும் ஏழடி முழுச்சுவர் ஏறி வந்த திருடனுக்கும் மறைவுதான் என்பது வேறு விஷயம்.

தக்காணத்தின் கரிசல் பூமியில் தொல்லை கீழிருந்து வருகிறது. புனே, சோலாப்பூர், ஹூப்ளி, நாக்பூர் பக்கத்து மண் மழையில் உப்பி, கோடையில் கை நுழையுமளவுக்குப் பிளந்துகொள்ளும். வீட்டின் பாரம் இந்த மண்ணை ஓரளவு அடக்கி வைக்கும். லேசான மதிலை அது ஆண்டுக்கொருமுறை தூக்கி இறக்கும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் அகன்ற துளைத்தூண்களைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கித் தந்தது. மதிலுக்கும் தத்துவம் அதேதான்: மண் அசையாத ஆழம் வரை தூண்களை இறக்கி, மேலே பெல்ட் போட்டு, பெல்ட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று அங்குலம் காலி விடுவது. மண் உப்ப இடம் கிடைத்தால் சுவரைத் தூக்காது.

எல்லாவற்றையும் மிஞ்சிய ஆபத்து பிறகு வருகிறது, அதுவும் சுவர் கட்டியவருக்குத் தெரியாமல். தெருவில் தண்ணீர் நிற்கிறதென்று உரிமையாளர் மனையை மூன்றடி உயர்த்துகிறார். லாரி லாரியாக மண் வந்து மதிலின்மேல் சாய்கிறது. எல்லையைக் காட்டவும் காற்றைத் தாங்கவும் கட்டிய சுவர் அன்று முதல் மண் தாங்கும் சுவர். அதன் கனமும் பாதமும் மட்டும் மாறவில்லை. மழை பெய்து மண் ஊறினால் பின்னாலிருந்து தண்ணீரும் தள்ளும். மூன்றடி தண்ணீர் மட்டும் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 400 கிலோ விசையோடு அழுத்துகிறது. மண்ணின் தள்ளல் தனி. ஆறடியானால் அது இரட்டிப்பாகாது. நான்கு மடங்காகி 1,650 கிலோவைத் தாண்டும். சுவரைக் குப்புறத் தள்ளும் திருகு எட்டு மடங்காகும். முந்தைய நாள் வரை சாதாரணமாக நின்ற மதில் ஒரே இரவில் போவது இதனால்தான்.

மண் தாங்குவதென்றால் அதற்குரிய அகலப் பாதத்தோடு கம்பி கட்டிய சுவர் வேண்டும். பின்புறம் ஜல்லி நிரப்ப வேண்டும். நீர் வடிய, ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய்களைக் குறுக்கே பதிக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் இந்தக் குழாய்கள் மொத்த வேலையில் ஒன்றுமேயில்லை. ஆனால் பக்கத்து மனைக்காரருக்கு இந்தத் துளைகளைக் கண்டால் ஆகாது, அவர் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது. ஒரு மழைக்காலம் சண்டை நடக்கும், வார்டு கவுன்சிலர் வரை போகும், கடைசியில் யாராவது ஒருவர் சிமெண்ட் குழைத்துத் துளைகளை அடைத்துவிடுவார். பூசி வெள்ளையடித்த பிறகு அங்கே துளை இருந்ததே தெரியாது. அடுத்த மழைக்குள் அந்தப் பக்கம் வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டிருப்பார்கள். மூன்று சுவர் போதும், நான்காவதாக மதில் இருக்கிறது.