வேடந்தாங்கல் ஏரியில் ஒரு மாலைப் பொழுது

உழைப்பவருக்கு ஓய்வும் ஒரு தேவையே. குழித்தறியில் அமர்ந்து நாள் முழுவதும் நாடா ஓட்டும் நெசவாளிக்கும், சேற்றில் இறங்கி முதுகு நிமிராது பாடுபடும் உழவருக்கும், ஆண்டில் சில நாட்களேனும் வேலையை மறந்து வெளியே சென்று வரும் பழக்கம் வேண்டும். திருவிழாவும் நாடகமும் சினிமாவும் நம் மக்களுக்குப் பழகியவை. அவற்றினும் செலவு குறைந்ததும், மனத்துக்கு அமைதி தருவதுமான மற்றொரு பொழுதுபோக்கு உண்டு. ஏரிக்கரையில் நின்று நீர்ப்பறவைகளைக் காண்பதே அது. சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, எத்தனையோ ஏரிக்கரைகளில் இந்த இன்பம் வாய்த்திருக்கிறது. எனினும் தமிழ்நாட்டில் பறவை காண விரும்புவோர் முதலில் செல்லத்தக்க இடம் வேடந்தாங்கலே என்பதில் ஐயமில்லை.

ஏரியும் பருவமும்

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்பது சிறு பாசன ஏரிக்கு வழங்கும் பெயர். வேடன் தாங்கல் என்பதே வேடந்தாங்கல் ஆயிற்று என்பர். வேடனின் பெயரைத் தாங்கிய ஊர் பறவைகளுக்குப் புகலிடமாக விளங்குவது வியப்பன்றோ? ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். நம் பெரிய ஏரிகளுடன் ஒப்பிட்டால் இது ஒரு குட்டை போன்றது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்யும்போது தெருவில் பாவு நீட்ட இயலாமல் நெசவாளி வானத்தைப் பார்த்து வருந்துகிறார். அதே மழைதான் வேடந்தாங்கல் ஏரியை நிரப்புகிறது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலும் இடுப்பளவு நீரில் மூழ்கி, கிளைகள் மட்டும் தீவுகள் போலத் தோன்றுகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்பதால் பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடிவதில்லை. கோட்டையைச் சுற்றி அகழி வெட்டிய மன்னர்களின் உபாயம் இங்கே இயற்கையாகவே அமைந்துவிட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை கூடு கட்டுதல், முட்டையிடுதல், குஞ்சு வளர்த்தல் ஆகிய எல்லாம் இந்த அகழியின் காவலில் நடைபெறுகின்றன.

கரையில் நின்று காண்பவை

மார்கழி மாதத்தில் ஒரு நாள், நெசவாளர் சங்கத்து அங்கத்தினர் சிலருடன் நாம் அந்த ஏரிக்கரையில் ஒரு மாலையைக் கழித்தோம். முதலில் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் வெண்மையே. மரங்களின்மேல் யாரோ வெளுத்த துணியை உலர்த்தியிருப்பது போன்ற தோற்றம். சிறிது நேரம் அசையாமல் நின்ற பிறகே அந்த வெண்மை தனித்தனிப் பறவைகளாகப் பிரிந்தது.

வெள்ளை உடலும் கருஞ்சிறகும் உடையது நத்தைகுத்தி நாரை. அதன் அலகுகளை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுப் பருவத்தில் இந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் உண்டாகிறது. நத்தையே அதன் முக்கிய உணவு. அருகில் மஞ்சள் மூக்கு நாரை நிற்கும். அதன் முதுகுப்புறச் சிறகில் உள்ள இளஞ்சிவப்பைக் கண்ட முதிய நெசவாளி ஒருவர், “இந்தச் சாயம் நம் கையில் பிடிபடாது, தம்பி” என்று பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார். புடைவைக் கரையில் மயிலையும் அன்னபட்சியையும் நெய்து பழகிய கண்களல்லவா அவை!

தாடைக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடா, அப்பையையே வலையாகக் கொண்டு மீனை வாரி எடுக்கிறது. கரண்டிவாயன் தட்டையான அலகை நீரில் இடமும் வலமும் வீசித் துழாவுகிறது. அரிவாள் மூக்கன் வளைந்த அலகால் சேற்றைக் கிளறுகிறது. பாம்புத்தாரா உடலை நீருக்குள் மறைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் பாம்பு போல் நீட்டி நீந்துகிறது. நீர்க்காகம் மூழ்கி எழுந்து, கிளையில் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்துகிறது. ஒரே நீர்நிலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். வெயில் ஏறும் வேளையில் தாய் நாரைகள் சிறகைக் குடையாக விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதும் உண்டு.

மாலை 5 மணிக்கு மேல் காட்சி இன்னும் சிறக்கிறது. இரை தேடச் சென்ற பறவைகள் நாலா திசைகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்புகின்றன. அவை வந்து அமரும் அதே நேரத்தில், பகலெல்லாம் கிளைகளில் உறங்கிய வக்காக்கள் விழித்தெழுந்து வேலைக்குப் புறப்படுகின்றன. ஆலையில் பகல் முறையினர் வெளியேற, இரவு முறையினர் உள்ளே செல்வதை இது நினைவூட்டுகிறது.

உள்ளூராரும் வெளியூராரும்

வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் எல்லாம் அயல்நாட்டிலிருந்து வந்து கூடு கட்டுகின்றன என்பது பலரின் எண்ணம். இது சரியன்று. இங்கே கூடு கட்டும் நாரைகள், கொக்குகள், கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள் முதலியன நம் நாட்டுப் பறவைகளே. நீரும் இரையும் உள்ள இடம் தேடி நாட்டுக்குள்ளேயே அவை இடம் மாறுகின்றன.

அயல்நாட்டிலிருந்து வருபவை வேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் வடக்கே ஆசியாவின் குளிர்ப் பிரதேசங்களில் குஞ்சு பொரிப்பவை. அங்கே நீர்நிலைகள் உறையத் தொடங்கியதும் தெற்கே புறப்பட்டு, நம் ஏரிகளில் குளிர்காலத்தைக் கழித்து, கோடை தொடங்குமுன் திரும்பிவிடுகின்றன. இங்கே அவை கூடு கட்டுவதில்லை. நீலச்சிறகியின் எடை அரைக் கிலோவும் இராது. அச்சிறிய உடலுடன் அது பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து போகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தோ இமயமலையையே கடந்து வருவது. 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அது பறந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர்.

இந்தப் பயணங்களை எவ்வாறு அறிகின்றனர்? பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் இட்டுப் பறக்க விடுவது ஒரு முறை. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் (1896–1987) தலைமையில், 1959ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் இப்பணியைப் பெரிய அளவில் நடத்தியது. காலில் வளையத்துடன் இறந்து கிடக்கும் பறவையை நம் அங்கத்தினர் எவரேனும் காண நேர்ந்தால், வளையத்தின் எண்ணையும், கண்ட இடத்தையும், தேதியையும் அச்சங்கத்துக்கு எழுதுவது நல்ல தொண்டாகும்.

ஒரு பழைய உடன்படிக்கை

வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்தது முதலில் அரசாங்கமன்று, ஊராரே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது குடிமக்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோயில் கதையில் வரும் அதே துரைதான். பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்று அவர் ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் பிற்காலக் கலெக்டர் ஒருவர் அவ்வுரிமையை மீண்டும் உறுதி செய்தார். 1936இல் ஏரி பறவைப் புகலிடமாக அங்கீகாரம் பெற்றது. 1962இல் வனச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் பல நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பட்டியலில் வேடந்தாங்கல் 2022இல் சேர்க்கப்பட்டது.

ஊரார் ஏன் இவ்வளவு அக்கறை கொண்டனர்? ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. உரக் கடைக்குச் செல்லாமலே உரம் கிடைக்கிறது. ஊர் மரத்தையும் நீரையும் அமைதியையும் அளிக்கிறது. பறவைகள் எருவை அளிக்கின்றன. பங்குத்தொகை செலுத்தியவருக்குப் பங்கு ஆதாயம் கிடைப்பது போன்ற கணக்கு இது. கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்த கூட்டுறவு எனலாம்.

இவ்வழியில் வேறு ஊர்களும் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சி ஓடிவிடுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. கூந்தன்குளத்தில் வீட்டருகு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்த்ததும் உண்டு.

கூடு ஓர் ஏரியில், உணவு பல ஏரிகளில்

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. 30 ஹெக்டேர் ஏரி இத்தனை பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் உணவளிக்க இயலாது. அது வீடு மட்டுமே. மீனும் நத்தையும் தவளையும் பூச்சியும் கிடைப்பது சுற்றுப்புறத்து ஏரிகளிலும், தாங்கல்களிலும், நெல்வயல்களிலும்தான். நாலா திசைகளிலிருந்தும் பறவைகள் திரும்பியதைக் கண்டோமே, அதன் பொருள் இதுவே. ஆகையால் வேடந்தாங்கல் ஏரியை மட்டும் வேலியிட்டுக் காப்பதால் பயனில்லை. பக்கத்து ஊர் ஏரி தூர்ந்தால் இங்கே குஞ்சு பட்டினி கிடக்கும்.

1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலப்பரப்பும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது இக்காரணத்தாலேயே பொருத்தமுடையது. 2020இல் அதனை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் ஒரு யோசனை எழுந்தது. பலரும் அதனை எதிர்த்தனர். பின்னர் அது கைவிடப்பட்டது. யோசனை போயிற்று; ஆயினும் நிலத்துக்கு உள்ள தேவை போய்விடவில்லை. அது வேறு உருவில் மீண்டும் வரலாம்.

சட்டத்துக்கு எட்டாத ஆபத்துகளும் உள. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. அத்தகைய ஆண்டுகளில் ஏரி நிரம்புவதில்லை. அகழி இல்லாத கோட்டையில் பறவைகள் தங்குவதில்லை. மழை நம் கையில் இல்லை. பெய்த மழையை ஏரிக்குக் கொண்டு சேர்க்கும் வரத்துக்கால் நம் கையில் இருக்கிறது. வயலில் தெளிக்கும் நஞ்சும் அவ்வாறே. டி.டி.டி. மருந்து மீன் வழியே பறவையின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலியச் செய்வது பல நாடுகளில் மெய்ப்பிக்கப்பட்டது. நம் நாட்டில் 1989இல் அதனை வேளாண்மையில் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது. எந்த மருந்தாயினும் அளவறிந்து தெளிப்பதே பறவைக்கும் நமக்கும் நன்மை. ஏர் பின்னே நடந்து பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்கு கூலி கேட்பதில்லை என்பதை நினைவிற்கொள்வோமாக.

காணச் செல்வோர் கவனத்துக்கு

மார்கழியும் தையும் வேடந்தாங்கலுக்கு உகந்த மாதங்கள். காலையில் வெயில் ஏறுமுன் அல்லது மாலை 4 மணிக்கு மேல் செல்லலாம். பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்த்தல் நலம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்க. இல்லாவிடினும் கவலையில்லை, கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து நன்றாகக் காணலாம். ஒலிபெருக்கியும் கூச்சலும் கூடா. அஞ்சி எழும் தாய்ப்பறவை கூட்டை விட்டு அகன்றால், முட்டை வெயிலில் கெடும். காகம் குஞ்சைக் கவரும். நெகிழிப் பைகளைக் கரையில் எறியலாகாது. நேரமிருப்பவர் அருகேயுள்ள கரிக்கிலி ஏரிக்கும் சென்று வாத்துகளைக் காணலாம்.

சங்கங்களுக்கும் சில வேண்டுகோள்கள். துணைவிதிகள் இடம் தருமாயின், பொது நல நிதியிலிருந்து சிறு தொகை ஒதுக்கி, அங்கத்தினரையும் அவர்தம் குழந்தைகளையும் ஆண்டுக்கொரு முறை இத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். தத்தம் ஊர் ஏரியில் நிற்கும் மரங்களை ஏலம் விடுமுன் அவற்றில் கூடு உண்டா என்று பார்க்கலாம். வரத்துக்காலைத் தூர் வாரும் பணியில் குடிமராமத்து முறையில் கை கொடுக்கலாம். தூர் வாரும்போது ஏரிக்குள் ஒரு மண்திட்டை விட்டு, அதில் நாலு கருவேல் வளர்த்தால், அடுத்த தலைமுறைக்கு அங்கேயே ஒரு சிறு வேடந்தாங்கல் உண்டாகலாம்.

வேடந்தாங்கல் மக்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவரும் உடன்படிக்கைக்கு நாமும் கையொப்பமிடலாம். அதற்குப் பங்குத்தொகை சிறிது நீர், சிறிது நிழல், சிறிது மௌனம் ஆகியவையே.