முள்ளுக்குப் பின்னால் குருவி

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழி சாலையில் இறங்கினால் கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம். அதற்குள் கத்திக்கொண்டிருக்கும் தவிட்டுக்குருவியை ஆட்டோஃபோகஸில் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் முதலில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளைப் பிடிக்கும். அதை விட்டுப் பின்னால் வானத்துக்கு ஓடும். திரும்பி வந்து ஏதோ ஒரு குச்சியில் நிற்கும். அதற்குள் கூட்டமே அடுத்த புதருக்குப் போயிருக்கும். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கிற கேமராக்கள் வந்துவிட்டன, நல்லவைதான். ஆனால் அடர்ந்த முள்ளுக்குள் அவையும் தடுமாறும்.

கையால் திருகும் பழைய லென்ஸுக்கு இங்கேதான் மரியாதை. வளையத்தை மெல்லத் திருப்பினால் முதல் முள் தெளியும், கரையும். அடுத்த கிளை தெளியும், கரையும். பிறகு குருவியின் வெளிறிய கண். அங்கே விரலை நிறுத்திவிட்டால் ஃபோகஸ் வேறெங்கும் ஓடாது.

1985-ல் ஆட்டோஃபோகஸோடு மினோல்டா 7000 கேமரா வந்த பிறகு இந்த லென்ஸ்கள் மெல்ல அலமாரிக்குப் போயின. 1987-ல் கேனன் லென்ஸ் மாட்டும் மவுண்ட்டையே மாற்றியது. அதன் எஃப்டி லென்ஸ்கள் புதிய கேமராக்களில் ஏறவே இல்லை. அவற்றை மீட்டது மிரர்லெஸ் கேமரா. 2008-ல் பானசோனிக் ஜி1, 2013-ல் சோனி ஏ7. உள்ளே மிரர் இல்லாததால் சோனியில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ.தான். சோவியத் ஹீலியோஸ் 44-2 போன்ற எம்42 லென்ஸுக்கு 45.46 மி.மீ. வேண்டும். மிச்சத்தை நிரப்ப ஓர் உலோகக் குழாய் போதும். அடாப்டர் என்று விற்பது அதைத்தான். உள்ளே கண்ணாடிகூட இருக்காது. தெளிந்த விளிம்புகளை வியூஃபைண்டரில் சிவப்பாகக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கும் சேர்ந்ததும், கண் மங்கியவர்களுக்கும் இந்த வேலை வசப்பட்டது.

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் இதே கதை நூலில் நடக்கும். தறிக்கு முன்னால் நின்று, பாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெசவாளியின் முகத்தை எடுக்க வேண்டும். ஆட்டோஃபோகஸுக்கு எதிரில் இழுத்துக் கட்டிய இழைகள்தான் பெரிதாகப் படும். முகம் வேண்டுமா, நூல் வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் எடுப்பவர். சினிமாவில் இன்றும் அப்படித்தான்; ஃபோகஸ் புல்லர் என்று தனி ஆளே உண்டு. திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியை 1946-ல் புகைப்படக்காரர் வெல்லிங் எடுத்த புகழ்பெற்ற படமும் கையால் வைத்த ஃபோகஸ்தான், அன்றைக்கு வேறு வழியும் கிடையாது.

இந்தச் சீமையில் தாராளமாகக் கிடைக்கிற வெயில் இன்னொரு வசதி. ஐஎஸ்ஓ 100-லேயே எஃப்/8, 1/500 தாங்கும். 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்து வளையத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 1.6 மீட்டரிலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிவு. பிறகு பூ மார்க்கெட்டில் வளையத்தைத் தொடவே வேண்டாம். தூரத்துக் கானலை மட்டும் எந்த லென்ஸும் தீர்க்காது. அதற்குக் காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும்.

கல்யாண வீட்டுக்கும் கபடிக்கும் இந்தக் கையால் திருகும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தாலி கட்டுகிற நொடி வளையம் திருகும்வரை காத்திருக்காது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கட்டும். கடலோர ஊர்களைவிட இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கரிசல் புழுதி வளையத்துக்குள் இறங்கினால் திருகும்போது நறநறவென்று கேட்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.