கைநழுவிய கிரயம்

மனை விற்பனை கடைசி நேரத்தில் முறியும்போது சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் விலைதான். "ரேட்டு ஒத்துவரல" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடியும், யாருக்கும் மனவருத்தமும் இராது. ஆனால் சென்ட் என்ன விலை என்று கேட்காமல் இடம் பார்க்க வருபவர் அரிது. விலை தெரிந்தே வந்து, இடத்தைச் சுற்றிப் பார்த்து, பத்திர நகலும் வாங்கிப் போனவர் பின்வாங்குகிறார் என்றால், நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று தரகர் தேடிப் பார்க்க வேண்டியது அங்கேதான்.

தூத்துக்குடியில் அப்படித் தேட இப்போது நேரம் கிடைப்பதில்லை. 2024 பிப்ரவரியில் சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே மாதம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கும். 2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையமும், ஆகஸ்ட்டில் கார் ஆலையும் திறக்கப்பட்டன. இப்படிப்பட்ட காலத்தில் தரகருக்கு ஒரு பேச்சு முறிந்த சுவடு தெரிவதற்குள் அடுத்த போன் வந்துவிடுகிறது.

முறிவுகளில் ஒரு பெரும் பங்கு, கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைக்காததால் வருவது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அதன்பின் மனை பார்க்க வருபவர் பாதை அகலத்தைக் கேட்கும் முன்பே, "அந்த மழைக்கு இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று கேட்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்று தரகர் சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரில் நீர் ஏறிய தடத்தைக் காட்டிவிட்டால் வியாபாரம் அங்கேயே முடிந்தது. இடுப்பளவு நின்றது, இத்தனை நாளில் வடிந்தது, இத்தனை அடி மண் ஏற்றினால் போதும் என்று சொல்லியிருந்தால் விலையில் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆள் போயிருக்க மாட்டார். போர்த் தண்ணீரும் அப்படித்தான். உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் தண்ணீர் தித்திக்கும் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. ஒரு வாளி இறைத்து வாயில் ஊற்றிப் பார்க்கச் சொல்வது நல்லது.

இதே கரையில் ஒரு காலத்தில் முத்துச் சிப்பியை வாய் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவர் பாடு. 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு இல்லை. மனை வாங்குபவர் அப்படி வாங்கவும் மாட்டார்.

அடுத்த முறிவு காகிதத்தில். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, புலப்படம் ஆகியவற்றை வாங்குபவரின் வக்கீல் பார்க்கும்போதுதான் கூட்டுப் பட்டா என்பதும், விற்பவரின் தங்கை ஒருவர் கையெழுத்து இல்லை என்பதும் வெளியே வருகின்றன. மீனவக் கிராமங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டின் இந்துப் பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த மாநிலச் சட்டத் திருத்தம் 1989-இல் வந்தது. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்ற விற்பவர் வாக்கை நம்பி ஆள் கூட்டி வந்த தரகருக்கு ஒரு மாத அலைச்சல் வீண். வக்கீலுக்கு முன்பே அந்தக் காகிதங்களை அவர் புரட்டியிருக்கலாம்.

முடிவெடுப்பவர் யார் என்று தெரியாமல் பேசுவதும் உண்டு. காயல்பட்டினத்தில் மணமானபின் கணவர் மனைவி வீட்டில் வாழ்வதும், வீடு பெண்மக்களுக்குச் சேர்வதும் நெடுநாள் வழக்கம். அங்கே மகளுக்காக வீடு பார்க்க வரும் தகப்பனிடம் மட்டும் மூன்று வாரம் பேசியவர், வீட்டுப் பெண்களை ஒருமுறையும் அழைத்துக் காட்டவில்லை என்றால், பேச்சே இன்னும் தொடங்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

விலை ஏறும் காலத்தில் பின்வாங்குபவர் விற்பவராகவும் இருப்பார். வாய்வார்த்தையும் டோக்கன் அட்வான்சும் அவரைக் கட்டிப்போடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். நிலத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாய் முதல் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்திலும் தடை இருக்கிறது. ஒப்பந்தப் பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கப் போய்க் கிரயத்தையே இழந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

எல்லா இழப்பும் இழப்பல்ல. தருவைகுளம் முதல் மணப்பாடு வரையிலான கரையில், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுமானம் கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு உட்பட்டது. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவைச் சார்பதிவாளர் பதிவு செய்யவும் மாட்டார். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், பதிவான திட்டங்களில் மனை விற்றுத்தரும் தரகரும் பதிவு பெற வேண்டும் என்கிறது. முன்பதிவின்போது வாங்குபவருக்குச் சேர வேண்டிய ஆவணங்கள் கிடைக்க வழிசெய்வதையும் அவர் கடமையாக வைத்திருக்கிறது. இத்தகைய குறையால் முறிந்த பேரத்தில் போனது கமிஷன் மட்டுமே. முறியாமல் முடிந்திருந்தால் வழக்கில் தரகர் பெயரும் சேர்ந்திருக்கும்.

மற்றவற்றில் உண்மைக் காரணத்தை அறிய "ஏன் வாங்கவில்லை?" என்று கேட்பதால் பயனில்லை, மறுபடியும் விலையைத்தான் சொல்வார்கள். சில வாரம் கழித்து, "அண்ணே, எங்க முடிச்சீங்க?" என்று கேட்டால் விவரம் வரும். விலை கூடுதல் என்று மடத்தூரில் வேண்டாம் என்றவர் அதைவிடக் கூடிய விலையில் வேறிடத்தில் வாங்கியிருந்தால், அவர் தேடியது பள்ளிக்கூடமா, மேட்டு நிலமா, சொந்தக்காரர் வீட்டு அருகாமையா என்பது புரியும். இன்னும் எங்கும் முடிக்காதவர் இழந்த ஆளே இல்லை. கப்பல் வேலைக்காரர்கள் இதில் தனி வகை. ஒப்பந்தம் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஓடும். விடுப்பில் கரையில் இருக்கும் சில வாரங்களுக்குள் இடம் பார்த்து, வக்கீலிடம் காட்டி, பத்திரம் முடித்தாக வேண்டும். அந்த விடுப்பில் பட்டா நகல் கைக்கு வராமல் கப்பலேறியவருக்கு அடுத்த விடுப்பு எப்போது என்று குறித்து வைத்து, அதற்குள் உட்பிரிவுப் பட்டாவை வாங்கி வைத்திருக்கும் தரகரிடம் அவர் திரும்பி வர வாய்ப்பு உண்டு.